பழைய கேசட்டு: பூஞ்சை, பெல்ட்டு, சுருதி – கணினிக்கு ஏத்தி வீட்டுல திரும்பப் பாட வைக்கிறது (கடலூர் / புதுவை)

தேவனாம்பட்டினம்_காத்து:
பரண்லேர்ந்து இறக்கினது மொத்தம் 43 கேசட்டு. சி-60 (ரெண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிஷம்) 35, சி-90 6, சி-120 2. சினிமாப் பாட்டு 22, ரேடியோவுல பிடிச்சது 9 (ரெண்டு சி-120ம் இதுலதான்), பாரதக் கூத்து 6, கல்யாண நாதஸ்வரம் 4, தேவாரம் 2. பத்துப் பன்னெண்டுல கண்ணாடி வழியாப் பார்த்தா நாடாச் சுருள் மேல வெள்ளைப் புள்ளி. டேப் ரிக்கார்டர்ல மோட்டார் சுத்துற சத்தம் வருது, நாடா நகரல.

வேணுங்கிறது ஒண்ணே ஒண்ணு. காலையில அடுப்படியில பெரியவங்க காதுல முன்ன மாதிரியே ஓடணும். அவங்க செல்போனைத் தொடமாட்டாங்க. இதையெல்லாம் கணினிக்கு ஏத்துறது எப்படி, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பெல்ட்டு_மாஸ்டர்:
மோட்டார் ஓடி நாடா நகரலன்னா பெல்ட்டு போயிருக்கு. சந்தோஷப்படு தம்பி, இருக்கிறதுலேயே சின்ன ரிப்பேர் அதுதான்.

பின்மூடியக் கழட்டு. பெல்ட்டு அறுந்திருக்கும், இல்லன்னா தாரா உருகி புல்லியில (பெல்ட்டு ஓடுற சக்கரத்துல) அப்பியிருக்கும். அந்தத் தாரை முழுசா எடுக்காம புது பெல்ட்டு போட்டா, புல்லி சுற்றளவு அரை மில்லி கூடி வேகமே மாறிப்போகும். ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சுக் குச்சியால பள்ளம் பளபளன்னு ஆகுற வரைக்கும் துடை. செல்போன் சர்வீஸ் கடைக்கு 99 சதம் ஐபிஏ விக்கிற இடத்துலயே வாங்கு. மெடிக்கல் ஸ்பிரிட்ல தண்ணி இருக்கு. தின்னர், பெட்ரோல் பக்கமே போகாத, பிளாஸ்டிக் இளகிடும்.

அளவுக்கு ஒரு தையல் நூலை, பெல்ட்டு எந்த வழியா ஓடுமோ அதே வழியா எல்லாப் புல்லியையும் சுத்திக் கட்டி, வெட்டி, நீட்டி அள. வந்த அளவுல 5லேர்ந்து 8 சதம் குறைச்சு வாங்கு. 200 மில்லின்னா 185, 190. ரொம்ப இறுக்கமா போட்டா மோட்டார் புஷ் தேயும், பாட்டுல நடுக்கம் வரும். தளர்ந்திருந்தா நாதஸ்வரத்தோட நீட்டு ஸ்வரம் அலையடிக்கும். சதுர பெல்ட்டு இருந்த இடத்துல சதுரம், பட்டை இருந்த இடத்துல பட்டை. மாத்தாத.

அப்புறம் நாடாவைப் படிக்கிற ஹெட்டு, ரோலரோட சேர்ந்து நாடாவை இழுக்குற கேப்ஸ்டன் கம்பி ரெண்டையும் ஐபிஏவால துடை. பஞ்சு பழுப்பா வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் துடை. ரப்பர் ரோலருக்கு மட்டும் ஐபிஏ வேணாம், ரப்பர் வறண்டு வெடிக்கும். சோப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சு, வெறும் தண்ணியால இன்னொரு தடவை, அப்புறம் காய வை. நாடா தின்னுற மெஷின்ல பாதிக்கு மேல குத்தவாளி இந்த ரோலர்தான்: பளபளன்னு வழுவழுப்பாயிடும், நாடா வழுக்கி உள்ள சுருண்டுக்கும்.

புதுவை_ஒலிப்பதிவு:
மாஸ்டர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இயந்திரம் தயாரானதும் பூஞ்சை பிடித்த கேசட்டை அதில் போட்டுவிடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதலில் 43ஐயும் இரண்டாகப் பிரியுங்கள்: சுத்தம், சந்தேகம்.

சந்தேகப் பட்டியலில் உள்ளதை உடனே துடைக்கவும் கூடாது. ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் இழுபட்டு நாடா முழுக்கப் பூசிக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் வாணலியில் இலேசாக வறுத்து நீலமானதும் திரும்பப் போடலாம். அந்த வாணலி அப்புறம் சமையலுக்கு ஆகாது. அரிசி மூட்டையில் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும். காய்ந்த பூஞ்சை பொடியாக உதிரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில், பஞ்சு உதிராத மெல்லிய துணியை நாடாவின் இரு பக்கமும் மெதுவாக அணைத்தபடி முழு நீளமும் சுற்றி எடுங்கள். சி-60 ஒன்றில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா. இரண்டு முறை போய் வந்தால் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். சுற்றுவதற்குப் பழைய மெஷின் ஒன்று தனியாக இருந்தால் நல்லது.

கெடிலக்கரை:
ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மகாத்மா காந்தி ரோட்டு சந்தையில அந்த மாதிரி பழைய மெஷின் கிடைக்கும். கையில ஒரு கேசட்டும் நாலு செல்லும் எடுத்துட்டுப் போங்க. செல் போடுற இடத்துல பச்சைப் பூ பூத்திருந்தா வெச்சிட்டு வந்துடுங்க, நம்ம கடற்கரை உப்புக்காத்துல அது உள்ள போர்டு வரைக்கும் ஏறியிருக்கும். ஹெட்டு மேல நகத்தால தடவிப் பாருங்க. நாடா அகலத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டா ஹெட்டு தேஞ்சாச்சு.

உப்பளவாய்க்கால்:
குறுக்க ஒரு கேள்வி. பெஞ்சல் புயல் வெள்ளத்துல நனைஞ்ச கேசட்டுக்கும் இதே வழிதானா?

புதுவை_ஒலிப்பதிவு:
இல்லை. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 ‘பெஞ்சல்’ புயல் என்று நம் பக்கம் இது திரும்பத் திரும்ப வரும் சிக்கல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேற்று நீரில் நனைந்ததை அப்படியே காய விடக்கூடாது. சேறு காய்ந்தால் நாடாச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது காந்தப் பூச்சு உரிந்து வரும். ஈரம் இருக்கும்போதே கேசட்டு ஓட்டின் ஐந்து திருகுகளையும் கழற்றி, இரு சுருள்களையும் பிரியாமல் தட்டோடு எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிறகு உறிஞ்சு தாள் மேல் கிடத்தி மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள். வெயில் வேண்டாம், தலைமுடி உலர்த்தி வேண்டவே வேண்டாம், நாடா நெளிந்துவிடும். இரண்டு நாளுக்குள் அலசாவிட்டால் பூஞ்சை ஆரம்பித்துவிடும்.

ஏற்கெனவே காய்ந்துபோனதை விசையோடு சுற்றாதீர்கள். பென்சிலால் ஒரு சுற்று, நிறுத்தம், இன்னொரு சுற்று. எங்கே ஒட்டுகிறது என்று கைக்குத் தெரியும். மோட்டாருக்குத் தெரியாது.

பெல்ட்டு_மாஸ்டர்:
திருகு இல்லாம ஒட்டின ஓடும் உண்டு. விளிம்புல பிளேடு வெச்சுச் சுத்தி வந்து பிளக்கணும். உள்ள இருக்கிறதை அப்படியே தூக்கி திருகு வெச்ச காலி ஓட்டுக்குள்ள மாத்திடு. மாத்தும்போது ரெண்டு பக்கமும் இருக்கிற வழுவழுத் தாளை விட்டுடாத. அது இல்லன்னா நாடா ஓடும்போது கீச்சுன்னு கத்தும்.

முன்பக்கம் செம்புப் பட்டையில ஒட்டின சின்னக் கம்பளித் துண்டு ஒண்ணு இருக்கும், நாடாவை ஹெட்டோட அமுக்குறது. பசை காஞ்சு அது விழுந்துட்டா சத்தம் மங்கி, அப்பப்ப காணாமப் போகும். கேசட்டு கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டதுல பாதி இதுதான். வேற கேசட்டுலேர்ந்து பட்டையோட கழட்டி மாட்டு.

அறுந்த நாடாவை சாதா செல்லோ டேப்பால ஒட்டாத. வெயில் காலத்துல பசை வழிஞ்சு அடுத்த சுத்துலயும் ஒட்டும். ஸ்ப்ளைசிங் டேப்பு, நாடா அகலம் 3.81 மில்லி, பளபள பக்கத்துல இல்ல மங்கல் பக்கத்துலயான்னு குழம்பாத: ஹெட்டைத் தொடாத பக்கம், அதாவது முதுகுல ஒட்டணும்.

தேவனாம்பட்டினம்_காத்து:
பெல்ட்டு மாத்தியாச்சு. பாட்டு ஓடுது. ஆனா பாடகர் குரல் கொஞ்சம் சின்னப் பையன் மாதிரி கேக்குது. காது ஏமாத்துதா?

கெடிலக்கரை:
ஏமாத்தல. வேகம் கூடியிருக்கு. கேசட்டு ஓட வேண்டிய வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. கிட்டத்தட்ட 6 சதம் கூடினா சுருதி அரைக்கட்டை ஏறிடும். ஒரு கட்டையில பாடினவர் ஒன்றரைக் கட்டைக்குப் போயிடுவார். அதே பாட்டோட நல்ல பிரதியப் பக்கத்துல ஓட விட்டு, சுருதிப் பெட்டியோ ஆர்மோனியமோ வெச்சு ரெண்டையும் ஒப்பிடுங்க.

பெல்ட்டு_மாஸ்டர்:
மோட்டார் பின்னாடி நடுவுல ரப்பர் மூடின சின்ன ஓட்டை இருக்கும். உள்ள வேகம் திருப்புற திருகு. மெல்லிய மைனஸ் ஸ்க்ரூ டிரைவர், நுனியைத் தவிர மத்த இடத்துல இன்சுலேஷன் டேப்பு சுத்திக்கோ. பாட்டு ஓடும்போதே இம்மி இம்மியா திருப்பு. மோட்டாரே மாத்துறதா இருந்தா வோல்டேஜ் மட்டும் பார்க்காத, எந்தப் பக்கம் சுத்துதுன்னும் பாரு.

உப்பளவாய்க்கால்:
இன்னொரு வழியும் இருக்கு. ரிக்கார்டர கரண்டுல போட்டுப் பதிவு பண்ணியிருந்தா ‘ம்ம்’னு ஒரு ஹம் விழுந்திருக்கும். அது 50, 100 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டியில (ஒலி பதியுற, திருத்துற மென்பொருள்) ஸ்பெக்ட்ரம் பார்க்கிற இடத்துல சைஸ் 65536 வெச்சா அந்த முனை துல்லியமாத் தெரியும். 104ல நின்னா 4 சதம் வேகம் கூடுதல். கணக்கு முடிஞ்சுது.

கெடிலக்கரை:
கணக்கு அவ்வளவு சுலபமா முடியாது அண்ணே. அந்தக் காலத்துக் கரண்டே 50ல நிக்காது, 48க்கும் 51க்கும் நடுவுல ஊசலாடும். நீங்க கண்டுபிடிச்ச 4 சதத்துல ரெண்டு சதம் மின்வாரியத்தோடதா இருக்கும். ஆர்மோனியம் அப்படி ஊசலாடாது. சுருதிய நம்புங்க.

உப்பளவாய்க்கால்:
ஒத்துக்கிறேன். ஹம் வெச்சு கிட்டத்துல கொண்டு வந்துட்டு, கடைசியில காதுதான்.

புதுவை_ஒலிப்பதிவு:
நாதஸ்வரக் கேசட்டுக்கு ஒரு குறிப்பு: பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் இருக்கும். மூன்றைத் தாண்டிக் காட்டினால் வேகத்தைச் சந்தேகப்படுங்கள்.

கூத்துக் கேசட்டுகளில் வேறொரு வித்தை நடந்திருக்கும். செல் போட்டுப் பதிவு செய்தால், நேரம் போகப் போக செல் இறங்கி மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அதனால் பக்கத்தின் தொடக்கத்தில் இரண்டு கட்டையில் இருந்த ஆர்மோனியம் முடிவில் இரண்டரையைத் தொட்டிருக்கும். மெஷினின் வேகத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய முயலாதீர்கள், இது பதிவிலேயே உள்ளது. கணினிக்கு ஏற்றிய பிறகு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆர்மோனியத்தின் ஆதார சுருதியைக் குறித்துக்கொண்டு, அந்தந்தத் துண்டின் வேகத்தைக் குறையுங்கள். ‘பிட்ச்’ மட்டும் மாற்றும் கருவி வேண்டாம், தாளத்தின் காலப்பிரமாணம் சேர்ந்து திரும்பாது. ‘ஸ்பீட்’ மாற்றும் கருவிதான் சரி.

இப்போது பதிவு. லேப்டாப்பின் ஒற்றைத் துளையில் நேராகச் செருகாதீர்கள். அது மைக்குக்கான மோனோ வழி, ஒலி பிளந்துபோகும். லைன்-இன் உள்ள ஒரு சிறு யுஎஸ்பி சவுண்டு கார்டு போதும். டேப் ரிக்கார்டரில் லைன்-அவுட் இல்லாவிட்டால் ஹெட்போன் துளையிலிருந்து, வால்யூம் பாதி வைத்து எடுங்கள். கணினியில் மைக் பூஸ்ட், ‘என்ஹான்ஸ்மென்ட்’, இரைச்சல் குறைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. பாட்டுக்கு உச்சம் −6 டெசிபெல். தவிலுக்கும் கூத்து மிருதங்கத்துக்கும் −10, ஏனென்றால் தவில் அடி சொல்லிவிட்டு வராது. ‘உர்ர்’ என்று கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பத்தில் எட்டு முறை அதுதான்.

உங்கள் 43 கேசட்டும் முழுக்க நிரம்பியிருந்தால் 48 மணி நேரம். மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல், மொத்தம் 50 ஜிபி. இரண்டு வேறு இடங்களில் பிரதி வையுங்கள்.

பெல்ட்டு_மாஸ்டர்:
அதுக்கு முன்னாடி அசிமத், அதாவது ஹெட்டோட சாய்வு! ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு மெஷின்ல பதிஞ்சது, ஹெட்டு சாய்வு ஒண்ணுக்கொண்ணு வேற. ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் வெச்ச திருகு இருக்கும். இப்ப இருக்கிற நிலையில நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டுக்கோ. ரெண்டு சேனலையும் மோனோவா சேர்த்துக் கேட்டுக்கிட்டே திருகை மெதுவா திருப்பு. தாளச் சத்தம், ‘ச’கரம் எந்த இடத்துல பளிச்சுன்னு கேக்குதோ அங்க நிறுத்து. கால் சுத்துக்கு மேல போகாத. எல்லாம் முடிஞ்சதும் பழைய கோட்டுக்கே கொண்டு வா.

ஓட்டுல டால்பி (இரைச்சல் குறைக்கிற முறை) குறி இல்லன்னா டால்பி சுவிட்ச அமத்தி வை. இல்லாததுக்குப் போட்டா மேல் ஸ்வரமெல்லாம் போர்வைக்குள்ள போயிடும்.

தேவனாம்பட்டினம்_காத்து:
ரேடியோவுல பிடிச்ச கேசட்டுல சத்தம் கடல் அலை மாதிரி ஏறி இறங்குது, இறங்கும்போது கரகரக்குது. அசிமத் திருப்பியும் போகல. மேல ‘இலங்கை’ன்னு மட்டும் எழுதியிருக்கு.

கெடிலக்கரை:
திருகை விட்டுடுங்க, அது நாடாவோட கோளாறே இல்ல. மத்திய அலை உப்புத்தண்ணி மேல தேயாம ரொம்ப தூரம் வரும். அதனாலதான் நம்ம கடற்கரையில பகல்லயே இலங்கை வானொலி அவ்வளவு கணீர்னு கேட்டுச்சு. ராத்திரியில அதே அலை வானத்துல பட்டுத் திரும்பியும் வரும். ரெண்டு வழியா வந்தது ஒண்ணோடொண்ணு மோதுறதுதான் அந்த ஏத்த இறக்கம். ஆக, அது ராத்திரியில பிடிச்ச கேசட்டு. லேபிள்ல இல்லாத நேரத்தை அந்தக் கரகரப்பு சொல்லுது.

ரேடியோ கேசட்டுல 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல பாட்டே இருக்காது, வெறும் ‘ஸ்ஸ்’. கேக்குற பிரதியில 6க்கு மேல வெட்டிடலாம், ஒண்ணும் நஷ்டமில்ல.

ஆனா பாட்டுக்கு நடுவுல அறிவிப்பாளர் பேசுறதை வெட்டாதீங்க. நேயர் பெயர் வாசிக்கிறது, நேரம் சொல்றது, சோப்பு விளம்பரம், எல்லாத்தையும். ஆகாசவாணி தொடக்க இசை இருந்தா அதையும். வால்டர் காஃப்மன் 1936ல அமைச்சது அது, பாட்டைவிட அது கேட்டாத்தான் விடிஞ்ச மாதிரி இருக்கும் பெரியவங்களுக்கு. பாட்டு எங்கயும் கிடைக்கும். இந்த அறிவிப்பு இந்த நாடாவுல மட்டும்தான் இருக்கு.

உப்பளவாய்க்கால்:
அதுக்காக ஒரு மணி நேரம் ‘ஸ்ஸ்’ஸைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? இரைச்சல் நீக்கி சுத்தமாக் கொடுத்தா என்ன தப்பு?

புதுவை_ஒலிப்பதிவு:
தப்பில்லை, மூலக் கோப்பின் மேலேயே செய்வதுதான் தப்பு. நாடாவிலிருந்து வந்த வேவ் கோப்பைத் தொடாமல் வைத்து, பிரதியில் செய்யுங்கள். அதிலும் 6 டெசிபெல்லுக்கு மேல் இரைச்சலைக் குறைத்தால் குரலில் தண்ணீருக்குள் பேசும் ‘களுக்களுக்’ ஒட்டிக்கொள்ளும். ஜால்ரா முதலில் செத்துவிடும்.

திண்ணை_ரேடியோ:
எல்லாரும் ஏத்துறதைப் பத்தியே பேசுறீங்க. அடுப்படியில ஓடுறதைப் பத்தி நான் சொல்றேன்.

யுஎஸ்பி செருகுற எஃப்எம் ரேடியோப் பெட்டி ஒண்ணு வாங்குங்க, வால்யூம் திருப்புற குமிழ் இருக்கிறதா. தொடுதிரை, புளூடூத் இல்லாததே மேல். பென்டிரைவை ஃபேட்32 முறையில ஃபார்மட் பண்ணிடுங்க. இந்தப் பெட்டிங்க பெரும்பாலும் பெயர் வரிசையில பாடாது, காப்பி பண்ணின வரிசையில பாடும். மொத்தமா இழுத்துப் போட்டா தேவாரத்துக்கு நடுவுல டூயட் வந்து நிக்கும். காலி பென்டிரைவ்ல 001, 002ன்னு ஒண்ணொண்ணா வரிசையாப் போடுங்க. தமிழ்ல பெயர் வெச்சா திரையில கட்டம் கட்டமா வரும்.

வரிசைதான் முக்கியம். கேசட்டுல எந்தப் பாட்டுக்கப்புறம் எதுன்னு கேட்டுப் பழகினவங்களுக்கு, ஒண்ணு முடிஞ்சதுமே அடுத்ததோட முதல் அடி வாயில வந்துடும். ‘ஷஃபிள்’ போட்டா அந்தச் சுகம் போச்சு. அதனால ஒரு பக்கத்தை ஒரே கோப்பா வைக்கிறதுதான் என் கட்சி.

உப்பளவாய்க்கால்:
30 நிமிஷக் கோப்பா வெச்சா கரண்டு போய் வந்ததும் முதல்லேர்ந்து பாடுமே? விலை குறைஞ்ச பெட்டி எல்லாம் கோப்போட ஆரம்பத்துக்குத்தான் போகும். தினமும் காலையில அதே மூணு பாட்டுதான் கேப்பாங்க.

திண்ணை_ரேடியோ:
அது நியாயம். சரி, பாட்டுப் பாட்டா வெட்டுங்க, ஆனா பாட்டுக்கு நடுவுல இருக்கிற ரெண்டு மூணு வினாடி அமைதியில வெட்டுங்க, அந்த அமைதியைத் தூக்காதீங்க. எம்பி3 192 கேபிபிஎஸ் போதும், மோனோ பதிவுன்னா மோனோவாவே 128.

பெட்டியை வைக்கிற இடம்: எவர்சில்வர் அடுக்குக்கு மேல வேணாம், தம்ளரெல்லாம் கூடவே தாளம் போடும். சைக்கிள் டியூப் துண்டு நாலு வெட்டி அடியில வைங்க. உக்கார்ந்து காய் நறுக்குறவங்க காது உயரத்துல, ஒண்ணரை மீட்டருக்குள்ள. வயசானவங்களுக்கு மேல் ஸ்தாயிதான் முதல்ல மங்கும். பாஸை ஏத்தாதீங்க, 2லேர்ந்து 4 கிலோஹெர்ட்ஸை மூணு டெசிபெல் தூக்கினா பாட்டு வரி புரியும், வால்யூமும் குறையும்.

எந்தக் கேசட்டு முதல்லன்னு கேட்டா, அவங்க பத்து வயசுக்கும் முப்பது வயசுக்கும் நடுவுல வந்த பாட்டு எதுன்னு பாருங்க. மனசுல ஆழமா ஒட்டுறது அந்த வயசுல கேட்டதுதான்.

தேவனாம்பட்டினம்_காத்து:
சி-120 ரெண்டையும் முதல்ல முடிச்சிடலாமா?

பெல்ட்டு_மாஸ்டர்:
கடைசியா வை. சி-60 நாடா தடிமன் 18 மைக்ரான் கிட்ட, சி-120 அதுல பாதி, 9. நீண்டுடும், சுருண்டுடும். மத்த 41ம் ஓடி மெஷின் நம்பிக்கைக்கு வந்தப்புறம், ஃபார்வர்டு ரிவைண்டு அடிக்காம, கையால சுத்தி ஆரம்பத்துக்குக் கொண்டு வந்து ஒரே ஓட்டத்துல எடு. எல்லாக் கேசட்டுலயும் மேல இருக்கிற பதிவுத் தடுப்புக் காதை முதல்ல உடைச்சிடு. தவறி ரிக்கார்டு பட்டன் அமுங்கினா திரும்பி வராது.

தேவனாம்பட்டினம்_காத்து:
கடைசிக் கேள்வி. கூத்துக் கேசட்டு ஆறுலயும் லேபிள் உதிர்ந்துபோச்சு. எது முதல், எது கடைசின்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? கதை தெரிஞ்சவங்க பக்கத்துல இல்ல.

கெடிலக்கரை:
ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியற வரைக்கும் எட்டு மணி நேரம், ஆறு சி-90ன்னா ஒன்பது மணி நேரம். ஒரு ராத்திரிக் கூத்து முழுசா இருக்கு. முதல் கேசட்டுல கட்டியங்காரன் (கூத்தை நடத்திக்கிட்டுப் போற கோமாளி) வர்றதுக்கு முன்னாடி மேளக்கட்டு (தொடக்க வாத்திய முழக்கம்) இருக்கும், ஜனம் உக்கார இடம் பிடிக்கிற கூச்சல் இருக்கும். நடு ராத்திரியில கூட்டம் அடங்கும், முகவீணை (ஊதுற சின்னக் குழல்) தனியாத் தெரியும். செல் புதுசா மாத்தின இடத்துல ஆர்மோனிய சுருதி திடீர்னு கீழ இறங்கும். கடைசிக் கேசட்டுல சேவல் கூவும், அப்புறம் காக்கா.

மூலக் கோப்பைத் திறந்து கேளுங்க. இரைச்சல் நீக்கின பிரதியில காக்கா இருக்காது.